அப்பாவின் ஓட்டு யாருக்கு?

ஹோல்ம் கிரீக், விஸ்கான்சின்
நவம்பர் 9, சனிக்கிழமை

மார்லிஸ்,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்துவிட்டு அடித்துவிட்டேன். உன்னோடு போனில் பேசக்கூடாது, மின்னஞ்சல் கூடாது, குறுஞ்செய்தி கூடாது என்று என் வக்கீல் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு முப்பத்தொரு வயது. தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியாது. அதனால் கடிதம் பட்டியலில் இல்லை.

நேற்று அப்பாவின் அடக்கத்தில் நீ முன்வரிசையில் ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டாய். உனக்குப் பின்னால் உன் குடியரசுக் கட்சிக்காரர்கள் நான்கு வரிசை. பெட்டிக்கு அந்தப் பக்கம் நானும் என் ஜனநாயகக் கட்சிக்காரர்களும். பாஸ்டர் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பேசியதில் அவர் கழுத்து சுளுக்கியிருக்கும். அக்கா தங்கை இருவரும் ஒரே பதவிக்கு, அதுவும் கவுண்டியின் தேர்தல்களையே நடத்தும் கிளார்க் பதவிக்கு, நின்றால் ஊர் இப்படித்தான் உட்காரும் போல.

அதைக்கூட விட்டுவிடுகிறேன். இரங்கல் அறிவிப்பை நீதான் எழுதினாய். ‘மகள் மார்லிஸின் பராமரிப்பில், தன் சொந்த வீட்டில் காலமானார்.’ என் பெயர் அடுத்த வரியில், கர்டிஸின் பெயரோடு. இருபத்தாறு வருடமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காமல் அலாஸ்காவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பியும், மூன்று வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் வந்த நானும் உனக்கு ஒரே வரி. அவன் அடக்கத்துக்கும் வரவில்லை. ஒரு கூடை லில்லி அனுப்பியதோடு சரி. லில்லி வாசனை அப்பாவுக்கு ஆகாது என்பதுகூடத் தெரியாதவன்.

செவ்வாய்க்கிழமை நான் ஜெயித்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன், சொல்லவில்லை. எனக்கு 4,212. உனக்கு 4,211. பத்தொன்பது வருடம் கவுண்டி அலுவலகத்தில் துணை கிளார்க்காக இருந்தவள் நீ, மினியாபொலிஸிலிருந்து திரும்பி மூன்றே வருடமானவள் நான். உனக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்றும் எனக்குத் தெரியும். அப்பா தபால் ஓட்டை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டார். அதற்கு முந்தைய ஞாயிறு நான் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தேனே, நீ கோழிகளைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ ஜெயிப்பே பாரு. எனக்குத் தோணுது.” இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ரோண்டா

*

நோர்டால் பண்ணை
நவம்பர் 13

ரோண்டா,

வாழ்த்து சொல்லவில்லை, ஏனென்றால் நீ இன்னும் ஜெயிக்கவில்லை. மறு எண்ணிக்கை கேட்டு வெள்ளிக்கிழமை மனு கொடுக்கிறேன். அந்த மனுவை எப்படி நிரப்புவது என்று இந்தக் கவுண்டிக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். நீ எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றுகூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்பா ஓட்டுப் போட்ட அன்று நடந்ததைக் கேட்டுக்கொள். தபால் ஓட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும். தேர்தலில் நிற்கிறவர்கள் சாட்சியாக இருக்க முடியாது. அதனால் பக்கத்துப் பண்ணை லெஸ்டரைக் கூப்பிட்டுவிட்டு நான் வெளியே போனேன். சாப்பாட்டு மேசையில் அவர்கள் இரண்டு பேர். நான் கொட்டகை வாசலில், மேல்கோட்டு இல்லாமல், இருபது நிமிடம். ஜன்னல் வழியாக அப்பாவின் தலை தெரிந்தது. பார்க்கக்கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டேன். நீயாக இருந்தால் திருப்பியிருக்க மாட்டாய்.

உள்ளே வந்தபோது கவரை ஒட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன்னை விட்டா அந்த ஆபீஸ்ல யாருக்கு என்ன தெரியும்?” என்றார். இது போதும் எனக்கு. உனக்குச் சொன்னது நீ சுட்ட ஆப்பிள் பைக்காக. எனக்குச் சொன்னது கவரை ஒட்டின கையோடு.

இன்னொன்றும் சொல்கிறேன். நேற்று வரை சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெர்னா என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்துப் போனாள். அப்பாவுக்குப் பிறகு நோர்டால் ஊர்க்கூடத்து வாக்குச்சாவடிக்கு அவள்தானே தலைமை. தபால் கவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சத்தமாகப் படிப்பது, ஆட்சேபம் இருந்தால் யாரும் சொல்லலாம் என்று ஒரு மூச்சு நிறுத்துவது, பிறகு பிரித்து எந்திரத்தில் விடுவது. நாற்பது வருடம் அப்பா செய்த வேலை. இந்தத் தடவை அந்தக் கவர்க் கட்டுக்குள் அப்பாவின் கவரே வந்துவிட்டது. அவர் சனிக்கிழமை இறந்துவிட்டார், அது செவ்வாய்க்கிழமை. தேர்தல் நாளுக்கு முன்னால் இறந்தவரின் ஓட்டு நம் மாநிலத்தில் செல்லாது. மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும். இரண்டு கட்சிக்காரர்களும் அந்த மேசையில் இருந்தார்கள்.

“ஆர்வின் ஒப்டால்னு படிச்சேன் மார்லிஸ். அஞ்சு பேரும் எந்திரிச்சு நின்னோம். யாரும் வாயைத் திறக்கல. அவர் கவரை எடுத்து செல்லாதுன்னு தனியா வைக்க என் கை வரல” என்று சொல்லி அழுதாள்.

அந்த ஓட்டு எந்திரத்துக்குள் போய்விட்டது. என் வக்கீலுக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெர்னாவுக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்காகவும்தான். ஆனால் அது என் ஓட்டு. அதை எடுத்தால் நான் இரண்டு ஓட்டில் தோற்பேன்.

மார்லிஸ்

*

ஹோல்ம் கிரீக்
நவம்பர் 16

மார்லிஸ்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது, பிறகு மறுபடியும் சிரித்தேன்.

அப்பாவின் ஓட்டு எந்திரத்துக்குள் போனது எனக்கும் தெரியும். மேசையில் இருந்த ஐந்து பேரில் லெஸ்டரும் ஒருவர், அவர் சொன்னார். என் வக்கீல் பையன் குதித்தான்: அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் நமக்கு நல்ல பெயர் என்றான். நான் கூடாது என்றேன். அது என் ஓட்டு, போனால் சமநிலை ஆகிவிடும் என்றேன். ஆக, செத்துப்போன ஒரு மனிதரின் ஓட்டை இரண்டு கட்சியும் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருக்கின்றன, இரண்டு மகள்களும் அது தனக்கே என்று நம்பியதால்.

இனிப் பொத்தி வைத்துப் பயனில்லை. யாரோ இரங்கல் அறிவிப்பையும் நோர்டால் வாக்காளர் பட்டியலையும் பக்கம் பக்கமாக வைத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். நீதிமன்றப் புல்வெளிக்கு இன்று வந்தாயா? கொடிக்கம்பத்துப் பக்கம் என் ஆட்கள், போர் நினைவுக்கல் பக்கம் உன் ஆட்கள். இரண்டு பக்கத்து அட்டையிலும் ஒரே வாசகம், ‘செத்தவர் ஓட்டைச் சேர்க்காதே.’ செத்தவர் எதிர்க்கட்சிக்குத்தான் போட்டிருப்பார் என்று இரண்டு பக்கத்துக்கும் அவ்வளவு நிச்சயம். இந்தக் கவுண்டியில் அப்பாவின் ஓட்டு தன் பக்கம் என்று நினைப்பவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

வெர்னா வீட்டு வாசலில் ‘திருடி’ என்று எழுதிய அட்டையை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தொலைக்காட்சி வண்டி ஒன்று அவளை வழிமறித்தது. “நாப்பது வருஷமா அந்தக் கூடத்துல ஆர்வின் இல்லாம ஓட்டு நடந்ததில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று அரசு வக்கீலுக்கு நான் எழுதுகிறேன். நீயும் எழுது. இதில் மட்டுமாவது ஒத்துப்போவோம்.

மற்றதில் ஒத்துப்போக முடியாது. ‘உன்னை விட்டா யாருக்கு என்ன தெரியும்’ என்பதற்கு ‘உனக்கு ஓட்டுப் போட்டேன்’ என்று அர்த்தம் இல்லை. நீ வீட்டில் இருந்தாய், சமைத்தாய், மாத்திரை கொடுத்தாய். அதனால் அவர் முழுக்க உனக்கே என்று எண்ணிக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி. அவர் டிராக்டரில் உன்னைத்தான் மடியில் வைத்துக்கொள்வார். நான் வேலியோரம் நின்று என் முறை வரும் என்று காத்திருப்பேன். உன் முறை மட்டும் முடியவே முடியாது.

மறு எண்ணிக்கையில் அப்பாவின் பெயரை அடித்தால் நோர்டால் கட்டுக்குள் பெயர்களைவிட ஒரு வாக்குச்சீட்டு கூடுதலாகிவிடும். எந்தச் சீட்டு அவருடையது என்று தெரியாது, கவர் வேறு சீட்டு வேறு. கட்டுக்குள்ளிருந்து கண்ணை மூடி ஏதோ ஒன்றை உருவிப் போட்டுவிடுவார்களாம், அது யாருடையதாக இருந்தாலும். இது என்ன சட்டம் என்று கேட்டேன். பழைய சட்டம் என்றான் பையன். உனக்குத் தெரிந்திருக்கும்.

ரோண்டா

*

நோர்டால் பண்ணை
நவம்பர் 18

ரோண்டா,

அரசு வக்கீலுக்கு எழுதிவிட்டேன். சட்டமும் தெரியும்.

டிராக்டர் மடியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நீ ஐம்பது வருடமாக வைத்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. சரி, நான் வைத்திருப்பதையும் சொல்கிறேன்.

அப்பா வாரத்தில் ஒரு நாள்தான் சவரம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்காக அல்ல, போன வருடத்திலிருந்து அவரால் போக முடியவில்லையே. நீ வருவாய் என்று. கை நடுங்கி இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்வார். நான் செய்துவிடுகிறேன் என்றால் விட மாட்டார். ஆறு நாள் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஏழாவது நாள் உன் ஆப்பிள் பைக்காகப் பசியோடு காத்திருப்பார். உன் கார் பாதையில் திரும்பும்போது அவர் முகம் மாறும். அதை நீ பார்த்ததில்லை, நீ காருக்குள் இருந்தாய். நான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். அப்புறம் கோழிகளைப் பார்க்கப் போவேன். கோழிகளுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் வேண்டியிருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் என்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

நவம்பர் இரண்டாம் தேதி நர்ஸ் காலை ஒன்பது மணிக்கு அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து “இன்னிக்குத்தான். உங்க தங்கச்சியைக் கூப்பிட்டுருங்க” என்றாள். சரி என்றேன். உன்னைக் கூப்பிட்டது மூன்று மணிக்கு. நீ தீயணைப்பு நிலையத்தில் வாக்காளர்களோடு பன்கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், உனக்கு அது முக்கியம், இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவரை ஒரு நாளாவது முழுசாக நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

மதியம் வரை அவருக்கு நினைவு இருந்தது. பதினொரு மணி இருக்கும். கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு “இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?” என்று கேட்டார். “இல்லப்பா, சனி” என்றேன். பொய் சொல்லவில்லை. சனிதான்.

பன்னிரண்டுக்குப் பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

மார்லிஸ்

*

ஹோல்ம் கிரீக்
நவம்பர் 19

மார்லிஸ்,

ஒன்பதிலிருந்து மூன்று. ஆறு மணி நேரம். நான் இருந்த இடத்திலிருந்து பண்ணைக்குப் பதினெட்டு நிமிடம்.

நான் வந்தபோது நீ வாசலில் நின்று “இப்பத்தான் திடீர்னு இப்படி ஆயிட்டார்” என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக்கொடுத்தாய்.

வியாழக்கிழமை எண்ணும் அறையில் எனக்கு எதிரே உட்காராதே. அப்பாவின் நடுங்கும் கை நிரப்பிய வட்டத்தை நான் அடையாளம் கண்டுகொள்வேன். அந்த ஓட்டு எனக்கு விழுந்தது என்று ஊரறியத் தெரிந்த பிறகு உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இனி வேண்டியது அது ஒன்றுதான். பதவியை நாய்க்குப் போட்டாலும் சரி.

ரோ.

*

நோர்டால் பண்ணை
நவம்பர் 22

ரோண்டா,

நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். உன் வக்கீல் பையன் மேல்கோட்டைக்கூட மாட்டாமல் உன் பின்னால் ஓடினான். திரும்பி வந்து பார்த்ததை அவன் உனக்கு எவ்வளவு சொன்னான் என்று தெரியாது. அங்கே இருந்தவள் நான், ஒழுங்காக எழுதுகிறேன்.

நோர்டால் கட்டு மதியம் இரண்டு மணிக்கு வந்தது. 388 சீட்டு. எண்ணும் குழுவுக்குத் தலைமையான ஃபிலிஸ் ஒவ்வொன்றாக எடுத்து நம் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தாள், ரோண்டா, மார்லிஸ், மார்லிஸ், ரோண்டா என்று. அந்தச் சீட்டு வந்ததும் நிறுத்தினாள். அது வரை நீயும் பார்த்தாய். நம் இரண்டு பேர் பெயருக்கும் பக்கத்தில் வட்டம் வெறுமையாக இருந்தது. கீழே, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதிக்கொள்ள விட்டிருக்கும் கோட்டில், மாட்டுக் காதுப்பட்டையில் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில், கர்டிஸ் ஒப்டால்.

அந்த எழுத்தை நாம் தூக்கத்தில் பார்த்தாலும் தெரியும். அறையில் பாதிப் பேருக்குத் தெரியும். தலைநகர் மாடிசனிலிருந்து வந்திருந்த இரண்டு கட்சி வக்கீல்களுக்கு மட்டும்தான் தெரியாது. “யாருங்க இந்தக் கர்டிஸ்?” என்று என்னுடையவர் கேட்டார். ஃபிலிஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘இது எங்க அப்பா கையெழுத்து’ என்று. அந்தச் சீட்டையே எடுத்து வைத்திருப்பார்கள், கண்ணை மூடி உருவ வேண்டியிருக்காது, அதே ஒரு ஓட்டில் நீ ஜெயித்திருப்பாய். அது உனக்குத் தெரிந்திருந்தது. உன் கழுத்தெல்லாம் சிவந்துபோய் இருந்தது. நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நானும் சொல்லவில்லை. தந்திரமாக வாயை மூடிக்கொண்டேன் என்று உன் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். உருவினால் உன் ஓட்டு போக வாய்ப்பு உண்டு, சொன்னால் எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவில்லை என்பார்கள். அதெல்லாம் நினைக்கிற நிலையில் நான் இல்லை. நம் வீட்டில் இருபத்தாறு வருடமாக யாரும் சொல்லாத பெயர் அது. மாடுகளை விற்றது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போனவன் பெயர். என் வாயால், அந்த அறையில், அப்பா அவனுக்குப் போட்டார் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருடம் அவர் காலுக்குக் களிம்பு தடவியவள் நான்.

பிறகு நோர்டால் பட்டியலில் அப்பாவின் பெயரை அடித்தார்கள். சீட்டுகளைப் பெட்டியில் போட்டுக் குலுக்கினார்கள். ஃபிலிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றை உருவினாள். அது உனக்கு விழுந்த ஓட்டு. யாரோ உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் ஊர்க்கூடத்துக்கு நடந்து வந்து உனக்குப் போட்டது. அது போய்விட்டது. அப்பாவுடையது, கர்டிஸுக்கு ஒன்று என்று கணக்கில் நிற்கிறது.

ஆளுக்கு 4,211. திங்கள் காலை பத்து மணிக்குச் சீட்டுக் குலுக்கல். மேல்கோட்டு போட்டுக்கொண்டு வா, அந்த அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வேலை செய்யவில்லை.

மார்லிஸ்

*

ஹோல்ம் கிரீக்
நவம்பர் 25

மார்லிஸ்,

ஃபிலிஸின் பச்சை மஞ்சள் கம்பளிக் குல்லாவுக்குள் நம் பெயர்கள் இரண்டும் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. என் பெயர் வந்ததும் உன் ஆட்கள் குல்லாவைச் சோதனை போட வேண்டும் என்று கத்தினார்களே, அப்போது நீ எழுந்து, குல்லாவை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி அவர்களுக்குக் காட்டினாய். “இதுல ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்க” என்றாய். நான் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் கவுண்டி கிளார்க். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரம்தான் இருந்தது அந்த நல்லது. வீட்டுக்கு வந்ததும் கர்டிஸுக்குப் போன் செய்தேன். அவன் போன் நம்பரை, லில்லி கொண்டுவந்த பூக்கடையில் கெஞ்சி வாங்கினேன்.

அப்பா உனக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார், தெரியுமா என்று கேட்டேன். அவன் தெரியும் என்றான்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் அப்பா அவனோடு பேசியிருக்கிறார், மார்லிஸ். நீ தேவாலயப் பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போகும் நேரம். நாலு வருடமாக. மீன், வானிலை, மாடு விற்ற சண்டையில் யார் மேல் தப்பு, எல்லாம் பேசி முடித்துவிட்டார்களாம். லில்லிகூட அப்பாவே கேட்டது. என் அடக்கத்துக்கு லில்லி வை, உங்க அம்மா கல்யாணத்துக்கு வெச்சிருந்தா என்றாராம். வாசனை ஆகாது என்று நமக்குத்தானே சொல்லியிருக்கிறார்.

ஓட்டைப் பற்றி அப்பா சொன்னதை அவன் அப்படியே சொன்னான். அதே குரலில் சொன்னான், அதுதான் கொடுமை. “ரெண்டு பொண்ணு பேரையும் ஒண்ணு மேல ஒண்ணா அச்சடிச்சு வெச்சிருக்கானுங்க. ஒருத்திக்குப் போட்டுட்டு இன்னொருத்தி மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்? உன் பேரை எழுதிட்டேன். நீதான் வந்து ஏன்னு கேக்க மாட்டியே.”

இதைச் சொல்லிவிட்டுக் கர்டிஸ் சிரித்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சினான். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அவனைத் தேற்றத் தோன்றவில்லை. பரிசு வாங்கினவன் அழுகிற மாதிரி இருந்தது.

ஜனவரி முதல் திங்கட்கிழமை சாவியை என்னிடம் கொடுப்பார்களாம். நகல் எந்திரம் காகிதத்தை விழுங்கினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. நீ வேலையை விடப்போகிறாயா?

ஆறு மணி நேரத்தை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்று எண்ணாதே.

ரோண்டா

*

நோர்டால் பண்ணை
நவம்பர் 26

அன்புள்ள ரோண்டா,

தபாலில் போட்டால் வியாழனுக்குள் வருமோ வராதோ. அதனால் நானே ஓட்டிக்கொண்டு வந்து உன் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். கதவைத் தட்ட மாட்டேன், பயப்படாதே.

உன் கடிதத்தை மேசையில் வைத்து மூன்று தடவை படித்தேன். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும்போது அப்பா என்ன சொல்வார் தெரியுமா? “நிதானமா வா. பாட்டு முடிஞ்சதும் எல்லாரோடயும் காபி குடிச்சிட்டே வா. எனக்கென்ன அவசரம்?” என்பார். நான் கஷ்டப்படுகிறேன், எனக்கும் ஒரு மாலை வேண்டும் என்று அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காரில் போகும்போது ஒரு தடவை கண் கலங்கியிருக்கிறேன். நாலு வருடம் ரோண்டா. நான் கீழ்க்குரலில் பாடிக்கொண்டிருந்தபோது அவர் இங்கே உட்கார்ந்து அவனோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு ஓட்டுப் போடாதது ஆறிவிடும். உனக்கும் போடவில்லை, அதில் பாதி ஆறிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஏன் போடவில்லை என்பதை அவனிடம் சொல்லியிருக்கிறாரே, அதுதான் ஆறவில்லை. இந்த மேசையில் எனக்கு எதிரே மூன்று வேளையும் உட்கார்ந்த மனிதர். ‘உங்க ரெண்டு பேர்ல ஒருத்தியை என்னால எடுக்க முடியலடி’ என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் அந்தக் கொட்டகை வாசலில் நின்றிருக்க மாட்டேன். தேர்தலில்கூட நின்றிருக்க மாட்டேனோ என்னவோ. அதுவும் பொய், நின்றிருப்பேன். உன்னிடம் தோற்கிறவளாக இருக்க எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

வேலையை விடவில்லை. நகல் எந்திரத்தின் இடது பக்கக் கதவைத் திறந்து முட்டியால் ஒரு இடி இடிக்க வேண்டும். ஜனவரியில் காட்டுகிறேன். உன்னை ‘மேடம்’ என்று கூப்பிடச் சொன்னால் உன்னையும் இடிப்பேன்.

வெர்னா மேல் வழக்கு இல்லை என்று இன்று சொல்லிவிட்டார்கள். அவள் வாக்குச்சாவடி வேலையை விட்டுவிட்டாள். அடுத்த தேர்தலுக்கு அந்தக் கூடத்தில் பெயர் படிக்க ஆள் தேட வேண்டும். அது உன் தலைவலி.

வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வான்கோழி வாங்கிவிட்டேன். வழக்கம்போல பெரிதாக வாங்கிவிட்டேன், அப்பாவையும் சேர்த்து எண்ணிவிட்டேன் போல. கர்டிஸைக் கூப்பிட்டால் வருவான் என்று உனக்குத் தோன்றினால், இந்த வருடம் கூப்பிடாதே. அவனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எனக்கு இன்னும் பலம் வரவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம்.

ஆறு மணி நேரத்தை மறக்க வேண்டாம். அதைத் திருப்பித் தர என்னிடம் வழி இல்லை. அப்பாவின் சவரக் கத்தியும் கிண்ணமும் குளியலறை அலமாரியில் அப்படியே இருக்கின்றன. நீ வந்து எடுத்துக்கொள், அவை உன்னுடையவை.

சாப்பாடு மூன்று மணிக்கு. நீ ஒன்பதுக்கே வா.

மார்லிஸ்